சிறுதொழில் பாடம்: மாணவர்களுக்குத் தெரிவது என்ன?

புது தில்லி: கிலோ ரூ. 20 விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு. கிலோ ரூ. 15 விலையில் ஒரு கிலோ 400 கிராம் வெங்காயம். ரூ. 200 தாளை நீட்டினால் மீதி எவ்வளவு?

தில்லி, கொல்கத்தா சந்தைகளில் காய்கறி விற்கும் சிறுவர்களிடம் வாடிக்கையாளர்களைப் போலச் சென்று ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி இது. காகிதமோ பென்சிலோ இல்லாமல் ரூ. 37 போக மீதி ரூ. 163 என எடுத்துக் கொடுப்பதில் அச்சிறுவர்களில் பெரும்பாலோர் திணறவில்லை. ஆனால் அதே வகைக் கூட்டலையும் பெருக்கலையும் பள்ளிப் பாடநூலில் இருப்பதைப் போல எழுதிக் கொடுத்தபோது தடுமாறினர். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் நடத்திய இந்த ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று.

ஆய்வின் மறுபாதிதான் நம் கவனத்துக்குரியது. சந்தையில் வேலை செய்த அனுபவமே இல்லாத பள்ளி மாணவர்கள் ஏட்டுக் கணக்கை நன்றாகவே போட்டார்கள். ஆனால், சந்தைச் சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சரியாக விடையளித்த ஒரு விற்பனைக் கணக்கை அம்மாணவர்களில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தினரால் மட்டுமே போட முடிந்தது. கடை தெரிந்தவனுக்குப் பள்ளி தெரியவில்லை. பள்ளி தெரிந்தவனுக்குக் கடை தெரியவில்லை.

வேலைவாய்ப்பு பற்றி நாடாளுமன்றத்தில் விவாதம் வரும்போதெல்லாம், 'வேலை தேடுபவர்களாக அல்ல, வேலை கொடுப்பவர்களாக இளைஞர்கள் மாற வேண்டும்' என்னும் வாக்கியத்தை ஆளுங்கட்சி வரிசையிலிருந்து யாரேனும் ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை. ஆட்சிகள் மாறினாலும் வாக்கியம் மாறவில்லை. வேலை கொடுக்கப் போகும் அந்த இளைஞருக்கு, பள்ளியை விட்டு வெளியேறும்போது அடக்க விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள உறவு தெரியுமா, ரொக்கக் கையிருப்பும் லாபமும் ஒன்றல்ல என்பது புரியுமா என்று மட்டும் அவையில் எவரும் கேட்டுக் குறித்துக் கொண்டதாக நினைவில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. 2015-16-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டில் வேளாண்மை சாராத குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சுமார் 6.34 கோடி. அவற்றில் 99 சதவீதத்துக்கு மேற்பட்டவை குறுந்தொழில்கள். அவற்றை நம்பிப் பிழைத்தோர் 11.10 கோடிப் பேர். மேல்நிலை வகுப்பில் இருந்து வெளியேறும் மாணவர்களில் கணிசமானோர் போய்ச் சேரும் இடம் பெரிய ஆலைகளோ அரசு அலுவலகமோ அல்ல. இந்தப் பெட்டிக்கடை, தையலகம், பழுது பார்க்கும் பட்டறை, தள்ளுவண்டி உலகம்தான்.

அதற்கான ஆயத்தம் எப்படியிருக்கிறது? 'பிரதம்' அமைப்பின் 'அசர்' அறிக்கை 2017-இல் முதன்முறையாகப் பதினான்கு முதல் பதினெட்டு வயதுள்ள கிராமப்புற இளைஞர்களைச் சோதித்தது. பணத்தைச் சரியாக எண்ணியவர்கள் 76 சதவீதம். எடைகளைக் கிலோவில் கூட்டியவர்கள் 56 சதவீதம். விலையில் பத்து சதவீதம் தள்ளுபடி போனால் எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவர்கள் 38 சதவீதம். அதே சோதனை 2023-இல் 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், 34,745 பேரிடம் மீண்டும் நடந்தது. இம்முறை கழித்தலாவது தெரிந்தவர்களிடம் மட்டுமே இத்தகைய கேள்விகள் கேட்கப்பட்டன. அப்படியும் வரவு செலவைத் திட்டமிடும் கணக்கைச் செய்தோர் அறுபது சதவீதத்துக்குச் சற்று அதிகம். தள்ளுபடிக் கணக்கு, ஏறத்தாழ 37 சதவீதம். கடன் வாங்கினால் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையைக் கணக்கிட்டவர்கள் பத்து சதவீதம் பேர்தான்.

பத்தில் ஒருவர். தெருவோர வியாபாரிக்கு நாள் தண்டலுக்குப் பணம் கொடுப்பவர்கள் இந்த எண்ணை எந்த அறிக்கையிலும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய தொழில் இதன் மேல்தான் நடக்கிறது. ரூ. 10,000 வாங்கி, நாளொன்றுக்கு ரூ. 120 வீதம் நூறு நாள் கட்டினால் மொத்தம் ரூ. 12,000. வட்டி இருபது சதவீதம் என்றுதான் தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும், கால அளவு ஓராண்டு அல்ல, நூறே நாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தை எளிதில் தாண்டிவிடும். இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்புப் படிப்பே போதும். தனி வட்டியும் கூட்டு வட்டியும் பள்ளியில் சொல்லித் தரத்தான் செய்கிறார்கள். அது தண்டல்காரரின் அட்டையில் எழுதியிருக்கும்போது அடையாளம் தெரிவதில்லை.

இந்தக் குறையை நேராகவே எதிர்கொள்ள முனைந்த முயற்சி தலைநகரிலேயே நடந்தது. அரவிந்த் கேஜரிவால் அரசு 2019 பிப்ரவரியில் 'தொழில்முனைவு மனப்பான்மைப் பாடத்திட்டம்' ஒன்றை அறிவித்து, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் அடுத்த கட்டமாக 2021 செப்டம்பரில் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' திட்டம் தில்லி அரசுப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் ரூ. 2,000 தொடக்க முதல். குழுவாகச் சேர்ந்து தொழில் செய்ய வேண்டும். சுமார் மூன்று லட்சம் மாணவர்கள், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள், ரூ. 60 கோடி ஒதுக்கீடு என்று அரசு கூறியது. 2022 மார்ச்சில் தியாகராஜ் விளையாட்டரங்கில் நடந்த கண்காட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் முதலீட்டாளர்கள் முன் நின்றன. சிறந்த குழுக்களின் மாணவர்களுக்குத் தில்லி அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடிச் சேர்க்கையும் அறிவிக்கப்பட்டது.

அரசுப் பள்ளி மாணவனின் கையில் பணத்தைக் கொடுத்து 'நீயே செய்து பார்' என்று சொன்ன துணிவைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. பாடநூல் இல்லை, தேர்வு இல்லை என்பதைப் பெருமையாகவே சொன்னார்கள். மனப்பாடத்துக்கு எதிரான அந்த நிலைப்பாட்டில் நியாயமும் உண்டு. எனினும் தேர்வு வேண்டாம் என்பது வேறு, அளவுகோலே வேண்டாம் என்பது வேறு. மேடையேறிய குழுக்களின் வெற்றி எல்லோருக்கும் தெரிந்தது. மேடையேறாத பல்லாயிரம் குழுக்கள் பணத்தை என்ன செய்தன, இழந்திருந்தால் எதனால் இழந்தோம் என்று அறிந்துகொண்டனவா என்பதுதான் கல்வியாளர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். பத்து மாணவர்கள் ரூ. 20,000 முதலில், ரூ. 50 அடக்கத்தில் 400 சணல் பைகள் தைக்கிறார்கள். ரூ. 70-க்கு 250 பைகள் விற்கின்றன. 'பைக்கு ரூ. 20 வீதம் ரூ. 5,000 லாபம்' என்று ஒரு மாணவி எழுதுவாள். 'கையில் இருப்பது ரூ. 17,500, போட்ட முதலில் ரூ. 2,500 குறைகிறது' என்று இன்னொருவன் சொல்வான். இருவரும் தவறாகச் சொல்லவில்லை. மிஞ்சிய 150 பைகள் விற்குமா என்பதில்தான் விடை இருக்கிறது. 286-ஆவது பையை விற்றால்தான் போட்ட முதல் திரும்பும் என்பதும், தைத்தவர்களின் கூலி இந்தக் கணக்கில் சேரவே இல்லை என்பதும் அவர்களுக்குத் தோன்றுகிறதா? தோன்றினால் அந்தப் பிள்ளைகள் வணிகம் கற்றுவிட்டார்கள். ரூ. 2,500 நஷ்டமானாலும் அரசுக்கு அது நல்ல செலவு. தோன்றவில்லை எனில் லாபம் வந்திருந்தாலும் பயனில்லை. இதைக் கண்டறிய மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு தேவையில்லை. ஒவ்வொரு குழுவின் கணக்கு நோட்டையும் வைத்துக்கொண்டு ஆசிரியர் பத்து நிமிடம் பேசினால் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு அந்த ஆசிரியருக்கே பயிற்சி வேண்டும் என்பது தனிக் கதை.

2025-இல் தில்லியில் ஆட்சி மாறியது. புதிய பாஜக அரசு எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 'நீவ்' என்னும் வேறொரு தொழில்முனைவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நீவ் என்றால் ஹிந்தியில் அஸ்திவாரம். முந்தைய கட்டடத்தில் எது உறுதியாக நின்றது, எது சரிந்தது என்ற அளவெடுப்பு கையில் இருந்தால் புதிய அஸ்திவாரத்துக்குப் பயன்பட்டிருக்கும். அளக்கப்படாத திட்டத்தைத் தொடர்வதும் சுலபம், கைவிடுவதும் சுலபம். இரண்டையும் அரசியல் முடிவு செய்யும்.

இதற்கு எதிர்முனையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மேல்நிலைத் தொழில்முனைவுப் பாடம் இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செயல்திட்டத்துக்கு 30. நட்டமும் லாபமும் இல்லாத சமநிலைப் புள்ளி, சரக்கிருப்புக் கட்டுப்பாடு, முதலீட்டின் மீதான வருவாய் எல்லாம் பாடத்தில் உண்டு. பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இது விருப்பப் பாடம். பெரும்பாலான மாணவர்கள் பக்கத்தில்கூடப் போவதில்லை. வணிகவியல் மாணவர்கள் படிக்கும் பாடநூலில் சிறுதொழில் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. அதிலும் வினாத்தாளுக்கு உகந்தது எது? வரையறை. 'குறுந்தொழில் என்றால் என்ன?' 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி உற்பத்தித் துறையில் இயந்திர முதலீடு ரூ. 25 லட்சம் வரை. 2020 ஜூலை 1 முதல் முதலீடு ரூ. 1 கோடி, விற்றுமுதல் ரூ. 5 கோடி வரை. 2025 ஏப்ரல் 1 முதல் ரூ. 2.5 கோடி, ரூ. 10 கோடி வரை. 2019-இல் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர் இன்று கடை வைத்தால் அந்த விடை அவருக்கு எதற்கும் உதவாது. கடன் கணக்கும் சமநிலைப் புள்ளியும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறுவதில்லை.

இந்தச் சிக்கல் புதிதன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் பாதி மாணவர்கள் தொழிற்பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்று 1966-இல் கோத்தாரி ஆணையம் கூறிற்று. மேல்நிலைக் கல்வியைத் தொழில்சார்ந்ததாக்குவது பற்றி 1978-இல் அறிக்கை தந்த தேசியக் குழுவின் தலைவர் தமிழகத்துக்கு நன்கு அறிமுகமானவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பின்னர் மாநிலங்களவை நியமன உறுப்பினராகவும் இருந்த மால்கம் ஆதிசேஷையா. செய்யக் கற்றல் என்பதையே அவ்வறிக்கை தலைப்பாகக் கொண்டிருந்தது. 1986 கல்விக் கொள்கை, 1995-க்குள் மேல்நிலை மாணவர்களில் 25 சதவீதம் தொழிற்கல்வியில் என்று இலக்கு வைத்தது. பிறகு அது 2000-க்குத் தள்ளிப்போனது. 2020 கல்விக் கொள்கை, 2025-க்குள் குறைந்தது 50 சதவீதம் பேருக்குத் தொழிற்கல்வி அறிமுகம் என்றது. 'அசர்' 2023 ஆய்வின்போது ஏதேனும் தொழிற்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த கிராமப்புற இளைஞர்கள் 5.6 சதவீதம்.

அளவிடுவதில் நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? ஒரு காரணம் பழைய சூடு. பதினைந்து வயது மாணவர்களுக்கான சர்வதேச 'பிசா' தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றுப் பட்டியலின் அடிமட்டத்துக்கு வந்தன. கேள்விகள் நம் மாணவர்களின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று தில்லி விளக்கம் தந்தது. அதன் பின் நடந்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது. 2012 முதல் அந்தத் தேர்வில் நிதியறிவுக்கெனத் தனிப் பிரிவும் உண்டு. அதில் இந்திய மாணவர் எங்கே நிற்பார் என்பதற்கு ஊகம் மட்டுமே உள்ளது. உள்நாட்டில் தேசிய நிதிக் கல்வி மையம் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் நிதியறிவுத் தேர்வு இருக்கிறது. அதை எழுதுவோர் தாமாக முன்வருவோர். ஆர்வமுள்ளவர்களின் மதிப்பெண்ணை வைத்து நாட்டு மாணவர்களின் அறிவை எடைபோட முடியாது.

சூழலுக்குப் பொருந்தாத கேள்வி என்பது உண்மையான குறைதான். அதற்கான விடை உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்துக் கேட்ட கேள்வியில் இருக்கிறது. தேர்வை ஒழிக்காமல் சந்தைக்கு எடுத்துச் சென்றார்கள் அந்த ஆய்வாளர்கள். அந்த முறையில் கேள்விகள் அமைக்க வேண்டிய இடத்தில் இப்போது 'பரக்' என்னும் தேசிய மதிப்பீட்டு அமைப்பு இருக்கிறது. 2024 டிசம்பர் 4-ஆம் தேதி அது மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நாடு தழுவிய ஆய்வை நடத்தியது. ஒன்பதாம் வகுப்புக்கு மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றில் கேள்விகள். கணிதத் தாளில் நான்கு கேள்விகளை ஒரு கடையின் கணக்கு நோட்டிலிருந்து எடுத்துக் கேட்பதற்குப் புதிய சட்டமோ தனி ஒதுக்கீடோ தேவைப்படாது. அடுத்த சுற்றுக்கு முன் அவையில் உறுப்பினர் எவரேனும் இதை ஒரு கேள்வியாக எழுப்பினால், 'எத்தனை பள்ளிகளில் திட்டம் நடக்கிறது, எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது' என்னும் வழக்கமான இணைப்பு அட்டவணையால் அமைச்சர் அதற்கு விடை சொல்லிவிட முடியாது.