உங்களுக்குத் தெரியுமா? இருட்டில் 8-ஐ முந்தும் 2

ஒரே அளவு சென்சார் உள்ள இரண்டு சிசிடிவி கேமராக்களில், இரவில் தெளிவாகக் காட்டுவது பெரும்பாலும் 8 மெகாபிக்சல் அல்ல, 2 மெகாபிக்சல்தான்! 1/2.8 அங்குல சென்சாரில் 2 மெகாபிக்சல் என்றால் ஒவ்வொரு பிக்சலும் சுமார் 2.9 மைக்ரான் அகலம். அதே இடத்தில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் சுமார் 1.45 மைக்ரான். அகலம் பாதியானால் பரப்பு கால்வாசி, ஒரு பிக்சலில் விழும் வெளிச்சமும் கால்வாசி. படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோகும். மென்பொருள் அந்தப் புள்ளிகளைத் துடைக்கும்போது முகத்தின் நுணுக்கமும் சேர்ந்தே அழியும்.

‘அகச்சிவப்பு விளக்குதான் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, ஆனால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும், ஓடிய ஸ்கூட்டர் சிவப்பா நீலமா என்று தெரியாது. (லென்ஸ் முன் சிலந்தி வலை இருந்தால் அதுதான் பளபளக்கும்!) ‘பெட்டியில் 0.001 லக்ஸ் வெளிச்சமே போதும் என்று போட்டிருக்கிறதே?’ ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று சொல்லாத லக்ஸ் எண்ணை நம்ப வேண்டாம். ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் சுவர் பளிச்சென்று வரும், நடக்கும் ஆள் நிழலாய்க் கரைந்துபோவார். 8 மெகாபிக்சலேதான் வேண்டுமா? 1/1.2 அங்குல சென்சாரோடு வாங்குங்கள். பிக்சல் மறுபடி 2.9 மைக்ரான் ஆகிவிடும், விலையும் ஏறும். லென்ஸையும் கவனியுங்கள்: எஃப் 2.0 லென்ஸைவிட எஃப் 1.0 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். கடையில் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் சென்சார் அளவையும் எஃப் எண்ணையும் கேளுங்கள்.