கோய் கெண்டை படுத்துக் கிடக்கிறதா?

பூதப்பாண்டிப் பக்கம் சிமெண்டுத் தொட்டியில் கோய் கெண்டை வளர்ப்பவர்கள் கவனிக்க: புதிதாக விட்ட மீன் அடியில் சாய்ந்து தூங்குவதுபோல் கிடந்தால், கெண்டை வீக்க நோய் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். 1970-களில் ஜப்பானில் தெரியவந்த இந்நோய் இந்தியாவிலும் கண்டறியப்பட்டுள்ளது.

வைரஸுக்கு நேரடி மருந்து இல்லை. கடைக்காரர் தரும் ஆன்டிபயாடிக் பொடி வீண்செலவு. செவுள் வீங்குவதால் மீன் உடலின் உப்பை இழக்கிறது. ஆகவே லிட்டருக்கு 5 கிராம், அதாவது 100 லிட்டருக்கு அரை கிலோ, அயோடின் சேராத கல்லுப்பைச் சிறிது சிறிதாகக் கரையுங்கள். செடிகளை முதலில் எடுத்துவிடுங்கள். ஏர் பம்ப் நிற்கக் கூடாது. பல மீன்கள் தேறிவிடும்.

பிறகு செந்நிறப் புண், துடுப்பு அழுகல் வந்தால் அது பாக்டீரியா. பஞ்சுப் படலம் என்றால் பூஞ்சை. மருந்து அப்போதுதான், அதுவும் மீன்வளத் துறையினரைக் கேட்டு.

கொளத்தூர் மீனோ உள்ளூர் மீனோ, 3 வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். நோய்த் தொட்டித் தண்ணீரைப் பழையாற்றில் விடாதீர்கள். அங்கும் கெண்டைகள் உண்டு.