உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரிலேயே மிதக்கும் தண்ணீர்!

குருநகர்த் துறையில் ஒரு பிளாஸ்டிக் கான் நிறையக் குடிதண்ணீர் கடலுக்குள் விழுகிறது. தாழுமா? தாழாது! 1 லீற்றர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். நல்ல தண்ணீர் 1,000 கிராம்தான். அந்த 25 கிராம் வித்தியாசமே நிறைந்த கானை மிதக்க வைக்கும்!

மண்ணெண்ணெய்க் கான் இன்னும் உயர மிதக்கும். 1 லீற்றர் வெறும் 800 கிராம்!

வலையைத் தாழ்த்தும் ஈயம்? அதே 1 லீற்றர் அளவுக்கு 11 கிலோவுக்கு மேல்! அந்த ஈயமும் பாதரசத்தில் மிதக்கும்!

மரமெல்லாம் மிதக்கும் என்றா நினைத்தீர்கள்? கருங்காலிக் கட்டையைக் குளத்தில் போடுங்கள். நேரே அடிக்குப் போய்விடும்!

சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது! தாழாமல் காப்பது ஈரல் எண்ணெய். சில ஆழ்கடல் சுறாக்களின் எடையில் காற்பங்கு ஈரல்தான்!

கணவாய் அதைவிடக் கெட்டி. அதன் வெள்ளை ஓடு முழுக்கக் குட்டிக் குட்டி அறைகள். அவற்றில் நீரை விட்டும் எடுத்தும் தானே தாழும், தானே எழும்பும். நீர்மூழ்கிக் கப்பலுக்கு முன்பே!

புது முட்டை கடல்நீரிலும் தாழும்! லீற்றருக்கு 35 கிராம் உப்பு அதற்குக் காணாது. மூன்று நான்கு மடங்கு கரையுங்கள், எழும்பி வரும்!

அரை லீற்றர் தண்ணீரோடு அரை லீற்றர் சுத்த அற்ககோலைக் கலந்தால் 1 லீற்றர் வராது. சுமார் 960 மில்லிலீற்றர்தான்! நிறுத்துப் பாருங்கள், எடையில் ஒரு கிராமும் குறையாது!

இனித்தான் பெரிய அதிசயம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. நம் கிணறுகளில் ஊறுவது மழை! சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய அந்த மழைநீர், அடியில் புகுந்த கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது!

எவ்வளவு? கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி நன்னீர்! ஜெர்மானியர் ஹேர்ஸ்பேர்க் 1901இல் எழுதிவைத்த கணக்கு இது. எல்லாம் அந்த 25 கிராமின் வேலை!

நம்பவில்லையா? புத்தூர் நிலாவரைக் கிணற்றைக் கேளுங்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். ஒரே கிணற்றில் இரண்டும்!

இந்தக் கணக்கு மறுபக்கமும் வெட்டும். மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழே உவர் 40 அடி ஏறப் பார்க்கும்! தோட்டம் செய்கிறவர்களே, கோடையில் அளவாக இறையுங்கள்!