ஒரு ஷீட்... ரெண்டு கேரம் போர்டு!

எந்த ஹாஸ்டல் காமன் ரூமுக்குள்ள வேணும்னாலும் எட்டிப் பாருங்க மக்களே! டி.வி. ரிமோட்டுக்கு ஒரு பக்கம் அடிதடி. மூலையில் பாவமா ஒரு கேரம் போர்டு. பாக்கெட் வலை கிழிஞ்சு, நடுவுல பள்ளம் விழுந்து, எங்கே அடிச்சாலும் காய் ஒரே பக்கமா போய் ஒதுங்கும். அந்தப் பக்கம் உட்கார டாஸ் போடுற கூத்தெல்லாம் நடக்கும்!

புதுசு வாங்கலாம்னா, மலிவு போர்டுல ஃபிரேம் மெலிசு, ப்ளைவுட் அதைவிட மெலிசு. டோர்னமென்ட் போர்டு விலையைக் கேட்டா பர்ஸ் மயக்கம் போட்டு விழுது. 'அட, நாம படிக்கிறது எஞ்சினீயரிங்தானே!'னு எங்க விங்ல நாலு பேர் களத்துல இறங்கிட்டோம். நாலு வீக் எண்ட், ஒரு ஆசாரி அண்ணன், நிறைய மரத்தூள்... போர்டு ரெடி! நீங்களும் செய்யலாம். எப்படின்னு பார்ப்போமா?

அளவுல விளையாடாதீங்க!

சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் பிறந்தது நம்ம சென்னையிலதான். அவங்க விதிப்படி ஆடுற பரப்பு 73.5-லிருந்து 74 செ.மீ. வரை இருக்கலாம். கண்டிப்பா சதுரமா இருக்கணும். ப்ளைவுட் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நாங்க 12 மி.மீ. எடுத்தோம், பள்ளம் விழுற பயம் இல்லை.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. உள்ளே 74 செ.மீ., ரெண்டு பக்கமும் ஃபிரேம் உட்கார ஆறரை ஆறரை. மொத்தம் 87 செ.மீ. சதுரம். கடையில் கிடைக்கிற 8×4 அடி ஷீட்ல இப்படி ரெண்டு துண்டு தாராளமா வரும். அதாவது ஒரு ஷீட்டுக்கு ரெண்டு போர்டு! இந்த ரெண்டாவது போர்டை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில வேலை இருக்கு.

அடுத்து பாக்கெட். விட்டம் 4.45 செ.மீ. 44 மி.மீ. ஹோல் சா போட்டா கிட்டத்தட்ட சரியா வரும். ஓட்டை ரெண்டு பக்க ஃபிரேமையும் தொட்டபடி இருக்கணும். அதனால மூலையிலிருந்து ரெண்டு பக்கமும் 2.2 செ.மீ. தள்ளி மையம் குறிச்சுக்கங்க. ஃபிரேமை ஒட்டுறதுக்கு முன்னாடியே இந்த வேலையை முடிச்சிரணும்.

பிதாகரஸ் வாழ்க!

ஃபிரேமுக்கு ரோஸ்வுட்டெல்லாம் நம்ம பட்ஜெட்டுக்கு ஆகாது. கருவேலம் போதும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கே தாங்கின மரம், ஸ்டிரைக்கருக்குத் தாங்காதா? நல்லா காஞ்ச கட்டையா பார்த்து வாங்கறது முக்கியம். பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கும்.

நாலு கட்டையையும் 45 டிகிரியில் அறுத்து மூலை சேர்க்கணும். மூலைமட்டம் வச்சுப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். ஆனா, குறுக்கே மூலைக்கு மூலை டேப் பிடிச்சு அளக்கச் சொன்னார் ஆசாரி அண்ணன். 74-ஐ ரூட் 2-ஆல பெருக்குங்க, 104.65 செ.மீ. ரெண்டு குறுக்களவும் இதே வந்தாத்தான் சதுரம். நாலு பக்கமும் சமமா இருந்து, குறுக்களவு மட்டும் மாறினா அது சாய்சதுரம். அதுல 'ரீபவுண்டு' அடிச்சா காய் ஏதோ ஒரு ஊருக்குப் போகும்!

உயிர் எங்கே இருக்கு?

ஃபிரேம்லதான் பாஸ்! மெக்கானிக்ஸ் கிளாஸ்ல 'கோஎஃபிஷியன்ட் ஆஃப் ரெஸ்டிட்யூஷன்'னு ஒண்ணு படிச்சிருப்பீங்க. சும்மா உதாரணத்துக்கு, ஃபிரேம்ல மோதித் திரும்புற ஸ்டிரைக்கர் 80 சதவிகித வேகத்தோட வருதுன்னு வச்சுக்கங்க. மூணு மோதலுக்கு அப்புறமும் பாதி வேகம் மிச்சம் இருக்கும். அதுவே 60 சதவிகிதம்னா? மூணு மோதல்ல ஐந்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சும். 'செத்த போர்டு'ன்னு சொல்றோமே, அதோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இதுதான்!

ஃபிரேமுக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா மோதும்போது ஃபிரேம் அசையும், சக்தி அங்கேயே காலி. அதனால ஃபெவிகாலைப் பூசி, அடியிலிருந்து கைவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்குரூ முடுக்கி, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி முழுக்க விட்டுட்டோம். அடிப்பக்கம் ரீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமா அடிச்சா போர்டு வளையாது. ஆசாரி அண்ணன் தந்த இன்னொரு டிப்ஸ்: வார்னிஷை மேல்பக்கம் மட்டும் அடிச்சிட்டு விடக் கூடாது. அடிப்பக்கம் ஈரம் குடிச்சு ஊதும், மழைக்காலத்துல போர்டு வளைஞ்சிரும். ரெண்டு பக்கமும் அடிங்க!

கோடு போட்டா ரோடு!

மேல்பக்கத்தை உப்புத்தாளால தேய்ச்சு, மெலிசா ஒரு கோட் அடிச்சு, காய்ஞ்சதும் கோடு போடணும். ஃபர்ஸ்ட் இயர் டிராயிங் பாக்ஸ் பரண்ல தூங்குதா? எழுப்புங்க! அடிக்கோடு ஃபிரேமிலிருந்து 10.15 செ.மீ. தள்ளி, நீளம் 47. ரெண்டு முனையிலும் 3.18 செ.மீ. வட்டம். நடுவுல பெரிய வட்டம் 17 செ.மீ. மார்க்கர் பேனா வேண்டாம், வார்னிஷ் பட்டதும் மை பரவும். இந்தியன் இங்க் நல்லா காய்ஞ்சா நிக்கும். மேல ரெண்டு மூணு மெல்லிய கோட், நடுநடுவே நைஸ் உப்புத்தாள். அவ்ளோதான்!

கடைசியா, ரசமட்டம் வச்சு ஸ்டூலைச் சமப்படுத்துங்க. போரிக் பவுடர் போட்டா, ஆடி முடிச்சதும் கையைக் கழுவிட்டு பஜ்ஜியைத் தொடுங்க. அது வயித்துக்குள்ள போற சமாச்சாரம் இல்லை.

அந்த ரெண்டாவது போர்டு!

2018-ல் வந்த 'வட சென்னை'யில தனுஷ் கேரம் ஆடினதைப் பார்த்து விசில் அடிச்சிருப்போம். நிஜ வடசென்னை அதைவிட மாஸ்! 2008-ல் உலக சாம்பியன் ஆன இளவழகி, 2024 நவம்பர்ல அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூணு தங்கம் அள்ளின 17 வயசு காசிமா... ரெண்டு பேரும் அங்கேயிருந்து வந்தவங்கதான். காசிமாவோட அப்பா ஆட்டோ டிரைவர். இவங்களுக்கெல்லாம் சீனியர், 1991, 1995-னு ரெண்டு முறை உலக சாம்பியன் ஆகி, அர்ஜுனா விருதும் வாங்கின சென்னைக்காரர் மரிய இருதயம்.

இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கோணல் போர்டுல பழகுற பொடியன், அந்தக் கோணலுக்கு ஏத்த மாதிரியே கையைப் பழக்கிடுவான். செத்த ஃபிரேம்ல வேகம் பத்தலைன்னு ஓங்கி அடிச்சே பழகிட்டு, நல்ல போர்டுல போய் உட்கார்ந்தா ஸ்டிரைக்கர் வெளியே பறக்கும். திறமை இருந்தும் முதல் ரவுண்டோட வீடு திரும்புவான். தோத்தது அவன் இல்லை, அவன் பழகின பலகை!

எங்க ரெண்டாவது போர்டு இப்போ ஹாஸ்டல் பின்தெரு மன்றத்துல இருக்கு. குறுக்களவு 104.65, ரெண்டு பக்கமும்! சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் பொடிசுங்க கியூ கட்டி நிக்குதுங்க.

உங்க தெருவுலயும் ஒரு மன்றம் இருக்கும்தானே? ஷீட் வாங்கும்போது அதையும் மனசுல வச்சு அறுங்க, பாஸ்!