காற்று அறிவித்தலை விளங்கிக் கொள்வோம்

சொந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்து கரையோரக் கிராமங்களில் குடியிருக்கும் விவசாயக் குடும்பங்கள் மழையையும் மண்ணையும் நன்கு அறிந்தவர்கள். ஆனால் கடற்கரைக் காற்று அவர்களுக்குப் புதியது. ஊரில் மரங்களும் வேலிகளும் காற்றை மறித்தன. இங்கோ கடலின் மேல் தடையின்றி வரும் காற்று நேரே கொட்டிலின் கூரையில் மோதுகிறது. எனவே வானொலியில் சொல்லப்படும் காற்று அறிவித்தலைச் சரியாக விளங்கிக் கொள்வது கூரையையும் உயிரையும் காக்கும் காரியமாகும்.

இரண்டு வேகங்கள்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் பெரும்பாலும் இரண்டு வேகங்கள் சொல்லப்படும். காற்று மணித்தியாலத்துக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் வரை வீசும், இடையிடையே 60 கிலோமீற்றர் வரை அதிகரிக்கலாம் என்பது போல் அது அமையும். முதலாவது சராசரி வேகம். சர்வதேச முறைப்படி இது திறந்த வெளியில், 10 மீற்றர் உயரத்தில், 10 நிமிடங்களுக்கு அளக்கப்படுவது. இரண்டாவது, சில விநாடிகள் மட்டும் சடுதியாக அடிக்கும் வன்காற்றின் வேகம்.

நம்மில் பலர் முதலாவதை மட்டும் மனதில் வைத்துக் கொள்கிறோம். கூரையைக் கழற்றுவது இரண்டாவதே. வேகம் கூடும்போது காற்றின் தாக்கம் அதைவிடப் பன்மடங்கு கூடுகிறது. 40 கிலோமீற்றர் 60 ஆனால் தாக்கம் இரண்டேகால் மடங்காகும். 80 ஆனால் நான்கு மடங்காகும்.

வன்காற்று ஏன் அடிக்கிறது?

நிலத்தை ஒட்டி வரும் காற்று வீடு, மரம், மணல்மேடு என்பவற்றில் இடறிச் சுழல்கிறது. அதனால் ஒரு கணம் தணிந்து மறுகணம் பாய்கிறது. இரண்டு கட்டடங்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய இடத்தில் வேகம் கூடுகிறது.

மேலும், வெயிலில் நிலம் சூடேற, சூடான காற்று மேலெழும். மேலே வேகமாக ஓடும் காற்று கீழிறங்கும். ஆகவே சோளகக் காலத்தில் விடியற்காலையில் அமைதியாக இருந்தாலும் மதியத்தின் பின் காற்று பலக்கும். மருந்தடிப்பதையும் கூரை வேய்வதையும் காலையிலேயே முடித்து விடுங்கள்.

இடிமழையின்போது மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே விழுந்து நாலாபுறமும் பரவுகிறது. கருமேகம் நெருங்கும் வேளையில் திடீரெனக் குளிர்காற்று வீசினால் வன்காற்றுக்கு இனி அதிக நேரமில்லை. உடனே அடுப்பை அணையுங்கள். கிடுகுக் கூரைக்கு ஒரு தீப்பொறி போதும்.

செய்ய வேண்டியவை

கூரையின் மேலாகப் பாயும் காற்று அதைக் கீழே அமுக்குவதில்லை, மேலே இழுக்கிறது. காற்று வரும் பக்கத்து வாசல் திறந்திருந்தால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து தள்ளும். அந்த வாசலை அடைத்து வையுங்கள். தகரத்தின் மேல் கல் வைப்பது ஆபத்து. அது பறந்தால் ஆளைக் கொல்லும். கூரையை வளையோடும், வளையைக் கப்போடும், கப்பை நிலத்தில் ஆழ அறைந்த முளையோடும் கயிற்றால் பிணையுங்கள். குலை போட்ட வாழைக்கு முட்டுக் கொடுங்கள்.

சூறாவளி எச்சரிக்கை வந்தால் கொட்டிலை நம்பி இருக்க வேண்டாம். கல்லால் கட்டிய உறுதியான கட்டடத்துக்குச் செல்லுங்கள். 1964 டிசம்பரில் மன்னாரையும் 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பையும் தாக்கிய சூறாவளிகள் மாரிகாலத்திலேயே வந்தன. சூறாவளியின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று ஓய்ந்துவிடும். அது முடிவல்ல. சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். அந்த இடைவேளையில் பொருட்களை எடுக்க வெளியே போகாதீர்கள்.

அறிவித்தல் ஒரு பெரும் பிரதேசத்துக்கானது. உங்கள் வளவில் காற்று எப்படித் திரும்பும் என்பதை அக்கரையில் நெடுநாள் வாழும் கடற்றொழிலாளர் அறிவர். அவர்களிடம் கேளுங்கள். வானொலி வைத்திருப்பவர் இரண்டாவது வேகத்தையும் மறவாமல் அயலவருக்குச் சொல்லட்டும்.