ஏலக்கூடத்தில் முன்களம்

2017க்குப் பின் நின்றுபோயிருந்த ஹொக்கி இந்தியா லீக் மீண்டும் உயிர்பெற்று, அதன் வீரர் ஏலம் 2024 ஒக்டோபரில் புதுடில்லியில் நடந்தது. எட்டு ஆண்கள் அணிகளில் சார்ள்ஸ் குழுமத்தின் தமிழ்நாடு ட்ராகன்ஸும் ஒன்று. அந்த ஏலத்தில் ஓர் அணிக்குச் செலவு வரம்பு 4 கோடி இந்திய ரூபாவாக இருந்தது. அதற்குள் 24 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது: வெளிநாட்டவர் 8 பேர், இந்தியர் 16 பேர், அந்த 16 பேரில் குறைந்தது நால்வர் இளையோர்.

பெரும் பணத்தில் நல்ல பங்கு பின்களத்துக்குப் போனது. ஏலத்தின் உச்ச விலையான 78 இலட்சத்துக்கு சூர்மா அணி வாங்கிய ஹர்மன்பிரீத் சிங் தற்காப்பு வீரர். தமிழ்நாடு அதிகம் கொடுத்த நெதர்லாந்தின் ஜிப் ஜான்சனும் (54 இலட்சம்) அமித் ரோஹிதாஸும் (48 இலட்சம்) அப்படியே. காரணத்தை பரிஸ் ஒலிம்பிக்கில் பார்க்கலாம். அங்கே இந்தியா அடித்த 15 கோல்களில் 10 ஹர்மன்பிரீத்துடையவை. அந்தப் பத்தும் பெனால்டி கோர்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. பெனால்டி கோர்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசும் ‘ட்ராக் ஃப்ளிக்’ கைவந்தவருக்கு அதனால்தான் இத்தனை கிராக்கி.

ஆனால் பெனால்டி கோர்னர் தானாகக் கிடைப்பதில்லை. கோலைச் சுற்றியுள்ள வளைவுக்குள் இருந்து அடித்தால்தான் கோல் செல்லும். அந்த வளைவுக்குள் பந்தோடு நுழையும் முன்கள வீரர், எதிராளியின் மட்டையைத் தாண்டி அவர் காலில் பந்தைப் படவைத்தாலும் போதும், நடுவர் கோர்னர் கொடுத்துவிடுவார். கோலின் பெருமை பின்னாலிருந்து வந்து அடிப்பவருக்கு. வாங்கிக் கொடுத்தவரின் பெயர் பலகையில் ஏறாது. ஏல விலைகள் சிலவற்றிலும் இந்த ஓரவஞ்சனை தெரிகிறது.

உதைபந்தாட்டத்தில் ஊறிய தில்லையடி, புத்தளம் பக்கத்து வாசகருக்கு ஒரு வேறுபாடு முக்கியம். உதைபந்தாட்டத்தில் மாற்றப்பட்டு வெளியே போன வீரர் திரும்ப முடியாது. ஹொக்கியில் மாற்றத்துக்குக் கணக்கே இல்லை. வெளியேறியவர் சற்று மூச்சுவாங்கிவிட்டு மறுபடி இறங்கலாம். 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. எதிரணியின் பின்களத்தை ஓடி ஓடி நெருக்குவதும் முன்கள வீரரின் வேலை என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவரை மாற்றியே ஆக வேண்டும். நட்சத்திரம் ஒருவர் போதாது. ஒரே வேகத்தில் ஓடக்கூடிய ஐந்தாறு பேர் வேண்டும்.

தமிழ்நாடு இதை அறிந்தே வாங்கியது. அவுஸ்திரேலியாவின் பிளேக் கோவர்ஸ், டொம் கிரெய்க், நேதன் எஃப்ரோம்ஸ் மூவரும் முன்கள வீரர்கள். கோவர்ஸுக்கு ட்ராக் ஃப்ளிக்கும் கைவரும். இந்திய இளையோர் அணியின் முன்னாள் தலைவர் உத்தம் சிங்கும், அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தியும் துணை. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தேறிய கார்த்தி, 2022 ஆசியக் கிண்ணத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலடித்தவர்.

டிசெம்பர் 28இல் தொடங்கிய போட்டியில் நெதர்லாந்துப் பயிற்றுநர் ரெயின் வான் எய்க்கின் கீழ் ஆடிய அணி அரையிறுதி வரை வந்து, வங்காள அணியிடம் ஷூட்-அவுட்டில் தோற்றது. மூன்றாமிடமும் சூர்மாவிடம் கைநழுவியது. 2025 பெப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடந்த இறுதியில் வங்காளம் ஹைதராபாத்தை 4-3 என வென்றது. வங்காளத்தின் மூன்று கோல்களை ட்ராக் ஃப்ளிக் வீரர் ஜுக்ராஜ் சிங் அடித்தார். வெற்றிக் கோல் நியூசிலாந்து முன்கள வீரர் சாம் லேனுடையது.