‘கோ ஆஃப்’ செய்த குழப்பம்

தமிழ்வழியில் படித்துவிட்டு இயற்பியல் பட்டப்படிப்புக்கு வந்த என்னை ஆங்கிலத்தின் நீண்ட சொற்கள் அவ்வளவாகத் துன்புறுத்தியதில்லை. ‘எலக்ட்ரோமேக்னடிக் இண்டக்‌ஷன்’ என்றால் மின்காந்தத் தூண்டல், அவ்வளவுதான். வேறு வேடம் போடாது. ‘கோ’, ‘ஆஃப்’ என்ற இரண்டு குட்டிச் சொற்கள் கைகோத்து வந்தால்தான் ஆபத்து என்பதைச் சென்ற பருவத்தில் கண்டுகொண்டேன்.

செய்முறை வகுப்பில் ஓர் அலாரச் சுற்று அமைக்க வேண்டும். கொடுத்த தாளில், ‘வென் தி லைட் கோஸ் ஆஃப், தி அலாரம் கோஸ் ஆஃப்’ என்றிருந்தது. விளக்கு அணைந்தால் அலாரமும் அடங்கும் என்று புரிந்துகொண்டேன். ஒரே வரியில் ஒரே சொல் இரண்டு பொருள் தரும் என்று யார் கண்டது? சுற்றை இணைத்து விளக்கை அணைத்தேன், அலாரம் கத்தியது. இணைப்புத் தவறு என்றெண்ணி, எல்.டி.ஆரையும் அதனுடன் இருந்த மின்தடையையும் இடம் மாற்றினேன். இருட்டில் அலாரம் அடங்கியது. வெளிச்சம் பட்டால் கத்தியது. பெருமையோடு காட்டினேன். பத்துக்கு மூன்று மதிப்பெண்! சரியாக இருந்ததைக் கெடுத்தவன் நானே. மதிப்பெண்ணைவிடப் பக்கத்து மேசைச் சிரிப்புதான் சுட்டது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், கேட்க ஆளில்லை. நூலக அகராதியிலிருந்து ‘கோ ஆஃப்’ பொருள்களைத் தாளில் எழுதிவந்து படித்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. “கரண்டு போச்சுடா. காலையிலே வாங்குன பாலும் கெட்டுப் போச்சு” என்றார் அம்மா. பள்ளிக்கூடம் பார்க்காத அம்மா என் தாளில் பாதியைச் சொல்லிவிட்டார்!

ஆம் நண்பர்களே, நம் ‘போ’வும் இதே வேலையைச் செய்கிறது. ‘தி மில்க் வென்ட் ஆஃப்’ என்றால் பால் கெட்டுப்போயிற்று. ‘ஹி வென்ட் ஆஃப் டு ஸ்லீப்’ என்றால் தூங்கிப்போனான். காப்பியின்மேல் இருந்த ஆசை போய்விட்டாலும், விழா நல்லபடியாகப் போனாலும் ‘கோ ஆஃப்’தான். ‘ஆஃப்’ என்பதன் அடிப்படைப் பொருள் விலகுதல். ‘ஆவ்’ என்ற சொல்லும் இதுவும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்து பிரிந்தவையாம்.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் கைவிட்டுவிடுகிறது. துப்பாக்கி வெடித்தாலும் ‘கோ ஆஃப்’, அலாரம் அடித்தாலும் ‘கோ ஆஃப்’. நாமோ துப்பாக்கி ‘போயிற்று’ என்றால் திருட்டுப் போயிற்று என்றுதான் கொள்வோம். விசையில் பிடித்து நிறுத்திய ஒன்று பிடியிலிருந்து விடுபட்டுப் பாய்வதாக எண்ணிப் பார்த்தபின் எனக்கு இது விளங்கிற்று. நான் வழுக்கி விழுந்ததும் சரியாக அந்த இடத்தில்தான்.

மீண்டும் செய்ய அனுமதி கேட்டேன், கிடைத்தது. ரிக்கார்டு நோட்டில் தாளிலிருந்த வரியை எழுதாமல், ‘வென் தி லைட் ஸ்டாப்ஸ், தி அலாரம் ஸ்டார்ட்ஸ்’ என்று எழுதினேன். விரிவுரையாளர் படித்துப் பார்த்துவிட்டு, திருத்தாமல் கையொப்பமிட்டார்.